அறுபத்து மூன்று அலாஸ்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ‘வருத்தம்’ என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தான். உள்ளே அறுபத்து மூன்று ஒலித்துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வினாடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை வினாடி. அறுபத்து மூன்றிலும் ஒரே குரல் ஒரே சொல்லைத்தான் சொல்லும்: அலாஸ். பழைய ஆங்கிலக் கதைகளில் யாராவது செத்துப்போனாலும், காதல் முறிந்தாலும், கப்பல் கிளம்பிப் போய்விட்டாலும் வருகிற புலம்பல் அது. தமிழில் ஒரு காலத்தில் ‘அந்தோ’ என்று எழுதிக் கண்ணீர் விட்டார்களே, அந்த அந்தோவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரையும் இப்போது எந்த வீட்டிலும் யாரும் கூப்பிடுவதில்லை.

வழக்கமாக இந்த வேலை அவனுக்கு இரண்டு நிமிடம் பிடிக்காது. அன்று காலை வாசிப்பக்கா பதிவுக்காக வாசித்த அத்தியாயத்தில் அலாஸ் கரகரத்துப் போயிருந்தது. ஃபோல்டரிலிருந்து பதினேழாம் எண் துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தால் முடிந்தது கதை. கை பழக்கத்தில் பதினேழைப் பிடித்து இழுத்தும் விட்டது. பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் துண்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து, கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் ஒலி நூலகம் அது. நூலகம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் இரண்டே அறை. ஒன்றில் கத்திரியும் அவன் கம்ப்யூட்டரும். இன்னொன்றின் சுவர் முழுக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டுப் பதிவறை ஆக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். கீழே பதினொரு மணிக்குத் தையல் மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் தரை லேசாக அதிரும், மைக் அதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் வாசிப்பெல்லாம் எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள். அதற்கப்புறம் வெட்டுகிற வேலை. இருமல், எச்சில் விழுங்குகிற சத்தம், பக்கம் புரட்டுகிற சத்தம், தெருவில் போகிற வண்டியின் ஹாரன், எல்லாவற்றையும் இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிடுவான். அதனால்தான் அவனுக்குக் கத்திரி என்று பெயர். நாற்பத்தாறு வயதில் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவனே ஒரு நொடி திரும்பிப் பார்ப்பான், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

வாசிப்பவளுக்கு வாசிப்பக்கா என்று பெயர். அக்கா முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ‘சற்றுக் காத்திருங்கள்’ என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்தாள். பதினோரு வருடத்தில் நாற்பத்தொன்பது நாவல்கள். எல்லாமே பழைய ஆங்கில நாவல்கள். புதுப் புத்தகம் என்றால் உரிமை வாங்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். எழுதியவர் போய்ச்சேர்ந்து பல காலம் ஆன புத்தகம் என்றால் யாரையும் கேட்க வேண்டாம். அதனால் இந்த நூலகத்தில் கேட்பவர்களுக்குக் குதிரை வண்டியும் மெழுகுவர்த்தியும்தான் வாய்த்தன, கூடவே பக்கத்துக்குப் பக்கம் புலம்பலும்.

“அந்தக் காலத்துல இவங்கள்லாம் எப்படித்தான் வேலவெட்டி பாத்தாங்களோ, கத்திரி. மூணு பக்கத்துக்கு ஒருதரம் நின்னு மூக்கச் சிந்தறாங்க” என்பாள் அக்கா.

வந்த புதிதில் அலாஸ் என்று சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம். நாடகத்தில் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொல்வதுபோல இருக்கிறது என்று அவசரமாக விழுங்கிவிட்டுப் போவாள். பிறகு அந்தச் சொல்லின் மேல் அவளுக்கு ஒரு மோகமே வந்துவிட்டது. அதற்கு ஒரு குடும்பமே இருப்பதைக் கண்டுபிடித்தாள். அலாக் என்று ஒன்று, அது பெரும்பாலும் வயதான வேலைக்காரிகள் வாயில் வரும். அலாக்கடே என்று இன்னொன்று, அதைச் சொல்கிறவர்கள் நிஜமாக வருத்தப்படுவதே இல்லை. வோ இஸ் மீ என்று நீட்டி முழக்குகிறவன் வந்தால் அடுத்த அத்தியாயத்தில் அவன் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவான். இத்தனைக்கும் நடுவில் அலாஸ் மட்டும்தான் எந்த வேஷமும் போடாமல் வரும் என்பது அக்காவின் முடிவு. ராணியும் சொல்வாள், பன்றி மேய்க்கிறவனும் சொல்வான், சில சமயம் கதை எழுதினவரே நடுவில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போவார்.

அதைச் சொல்வதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லக் கூடாது. முதலில் இருக்கிற காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட வேண்டும், பிறகு மிச்சமிருக்கிற கொஞ்சத்தில் சொல்ல வேண்டும். “எல்லாம் முடிஞ்சப்பறம் வர்ற வார்த்த அது. நெஞ்சு நெறையக் காத்து வெச்சுக்கிட்டு அதச் சொன்னா பொய்யா இருக்கும்” என்பாள். கத்திரி தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக அவள் தோள்கள் இறங்குவதைப் பார்ப்பான். இறங்கி அடங்கியதும் அந்தச் சொல் வரும். பதினோரு வருடத்தில் அவள் ஒரு அலாஸை இன்னொன்றுபோலச் சொன்னதில்லை. அதனாலேயே, கேட்க நன்றாக இருந்தவற்றையெல்லாம் அவன் தனியாக எடுத்துச் சேர்க்க ஆரம்பித்தான். வேறு காரணம் எதுவும் இல்லை, தீப்பெட்டிப் படம் சேர்க்கிற பிள்ளைகளுக்கு என்ன காரணம் இருக்கிறதோ அதுதான்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அவனே கேட்டான், இந்த அலாஸுக்கும் நாம் சொல்கிற சாரிக்கும் என்ன வித்தியாசம் என்று. அக்கா டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “சாரின்னா எதிர்ல ஒருத்தர் நிக்கணும். ‘பரவாயில்ல’ன்னு அவங்க வாயிலேர்ந்து வாங்கற வரைக்கும் விடாது. அலாஸுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம்.” அவன் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

போன வருடக் கடைசியில் அக்காவுக்குச் சளி பிடித்தது. வாக்கியங்கள் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன, அலாஸில் மட்டும் ஒரு கீறல் விழுந்தது. மூச்சு தீர்ந்துபோன இடத்தில் சொல்கிற சொல் அல்லவா, மறைத்துக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை. மறுபடி வாசிக்கச் சொல்வானேன், உடம்பு முடியாதவளை எதற்குப் படுத்துவானேன் என்று கத்திரி தன் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டினான். ஒட்டின இடம் அவனுக்கே தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அவன் கொஞ்சம் விசிலடித்தான்கூட.

சளி போனது. கீறல் போகவில்லை. அடுத்த மாதமும் ஒட்டினான், அதற்கடுத்த மாதமும். இப்படி எட்டு மாதத்தில் ஒன்றரை நாவலில் நாற்பத்தொரு அலாஸ் மாறிப்போயின. வாக்கியங்களின் கடைசிச் சொற்களிலும் கரகரப்பு ஏறத் தொடங்கியபோது அதையும் ஒரு கருவியால் வழித்துத் தேய்த்துச் சரிசெய்தான். நடுவில் அக்கா தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்பாள், “கத்திரி, இன்னிக்கு என்னமோ கட்டிக்கிட்ட மாதிரி இருந்துதே, கேக்கறவங்களுக்குத் தெரியுமா?” அவன் உடனே, “அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, நீங்களே கேளுங்க” என்று, தான் ஒட்டிப் பூசி மெழுகியதைப் போட்டுக் காட்டுவான். அக்கா கண்ணை மூடிக் கேட்பாள். முகம் தெளியும். “பரவால்லயே, எனக்குத்தான் அப்படித் தோணுது போல” என்று எழுந்து போவாள்.

சோறு விழுங்க முடியாமல் போன பிறகுதான் அவள் தங்கை அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். நேற்று, திங்கட்கிழமை, பதிவு முடிந்ததும் அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாளைக்கு லீவு கேட்பதுபோல விஷயத்தைச் சொன்னாள். கட்டி. அடுத்த திங்கள் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் கழுத்தில் ஒரு துளை, பேச்சு கிடையாது. “ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா கொரலக் காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாரு. நான் என்னத்தக் கண்டேன்” என்றாள். பிறகு, “அம்பதாவது புக்க முடிச்சுட்டுத்தான் போவேன். சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடும்ல?” என்று கேட்டாள். முடிந்துவிடும் என்று அவன் சொன்னான்.

இதையெல்லாம் அவன் செவ்வாய்க்கிழமை மாலை மனைவியிடம் சொன்னான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டாள். அவள் திட்டுவாள், அல்லது நீ வேண்டுமென்றா செய்தாய் என்று தேற்றுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். இரண்டும் நடக்கவில்லை.

“திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க” என்றாள்.

“ஆபரேஷன் நேரத்துல எதுக்கு அவங்க மனச… எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்பறம் பொறுமையா…”

“அப்பறம் சொன்னா? நீங்க பேசுவீங்க, அவங்க பதில் சொல்ல முடியாம கேட்டுக்கிட்டே படுத்திருக்கணும். உங்களுக்கு வேணா அது வசதியா இருக்கும்.” பேனாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து திருத்த ஆரம்பித்தாள்.

அந்த வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் உண்மை அது. திங்கள் கழியட்டும் என்று அவன் மனசு ஓரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை சொல்லிவிடுவது என்று வந்தான். அன்று அக்காவின் தங்கை துணைக்கு வந்து கத்திரியின் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள், மூன்றாம் மனிதர் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான். வியாழக்கிழமை தங்கை வரவில்லை. அன்று அக்காவுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் குரல் தாங்கவில்லை, வெந்நீர் குடித்துக் குடித்து வாசித்தாள், இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான். சாக்குக்கா பஞ்சம். இரண்டு நாளும் கரகரத்த அலாஸ்களை அவன் தொடவில்லை, அது ஒன்றுதான் அவனால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம். வாழ்நாள் முழுக்கக் கப்பலில் சுற்றிவிட்டு வீடு திரும்புகிற ஒரு கிழவன் தன் கதையைத் தானே சொல்கிற நாவல் அது. புத்தகம் முழுக்க அவன் கண்டதற்கெல்லாம் புலம்புவான், மனைவி செத்த இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுவான். அந்த இடத்தை வாசித்தபோது அக்கா நிறுத்தி, “இங்க ஒண்ணு வெச்சிருக்கலாம் இந்த ஆளு” என்றது பதிவில் இருந்தது. கத்திரி அதை வெட்டியிருந்தான்.

பத்தரை மணி இருக்கும். இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கையில் ஒரு அலாஸ் வந்தது. கிழவன் ஊருக்குள் நுழைகிறான், அவனை அடையாளம் கண்டுகொள்ள அங்கே ஒருவரும் இல்லை, அலாஸ். அக்காவின் தோள்கள் இறங்கின. சொல்லின் முதல் பாதி வந்தது, இரண்டாம் பாதியில் குரலே இல்லை, காற்று மட்டும் போனது. அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“இது ஆகாது. எடுக்கட்டுமா இன்னொருதரம்?” என்றாள் மைக்கில்.

கத்திரி பேசும் பொத்தானை அழுத்தினான். “வேணாங்க்கா.”

“கிழிஞ்ச துணி மாதிரி இருக்கே. போன மாசம்கூட ஒண்ணு போட்டுக் காட்டினியே, எவ்ளோ நல்லா இருந்துது. ஒரே மாசத்துல இப்படியா போயிடும்?”

இனிமேல் சாக்கு இல்லை. அவன் அந்த ஃபோல்டரைத் திறந்து, அறுபத்து மூன்றையும் தேர்ந்தெடுத்து, அவள் ஹெட்போனில் ஓடவிட்டான்.

முதல் நாலைந்து ஓடும்போது அக்கா குழம்பிப்போய் அவனைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு சிரித்தாள். “இது அந்தக் கோழி செத்துப்போன பாட்டி” என்றாள். அடுத்ததற்கு, “பாதிரியாருக்கு ஜாம் தீர்ந்துபோச்சு.” அதற்கடுத்ததற்கு, “இது தூக்குல போடறதுக்கு முன்னாடி ஒருத்தன்.” ஒன்று விடாமல் சொன்னாள். எந்தப் புத்தகம், எந்த இடம், யார் வாய். தன் பிள்ளைகளின் பழைய சட்டைகளை எடுத்துப் பார்ப்பவள்போல அத்தனை சந்தோஷமாகக் கேட்டாள். பதினேழாவது வந்தபோது அவள் சிரிப்பு நின்றது.

“இத இப்பத்தான எங்கயோ கேட்டேன்.” யோசித்தாள். “இது கோட்ட விட்ட சீட்டாட்டக்காரன். அஞ்சு வருஷம் இருக்கும். ஆனா நீ போன மாசம் போட்டுக் காட்டினது இதுதான். அந்தப் பொண்ணு அண்ணன் சாவுக்கு அழுவற எடத்துல.”

“ஆமாக்கா.”

“இதெல்லாம் எதுக்குச் சேத்து வெச்சிருக்க?”

“மொதல்ல சும்மாதான் வெச்சிருந்தேன். அப்பறம் ஒட்டறதுக்கு.”

“எதுல?”

“இதுல. இதுக்கு முன்னாடி புக்குலயும். போன வருஷக் கடைசிலேர்ந்து உங்க கொரல் கீறிக்கிட்டேதான்க்கா இருந்துது. நான் எடுத்துட்டேன்.”

ஹெட்போனில் அலாஸ்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அக்கா ஹெட்போனைக் கழற்றவும் இல்லை, அவனிடமிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. அறுபத்து மூன்றும் முடிந்து அமைதியானது.

“நான் உன்னக் கேட்டேன்” என்றாள்.

“கேட்டீங்க.”

“மூணு தரம் கேட்டேன்.”

“நாலு தரம்க்கா.”

அக்கா மேசையில் இருந்த வெந்நீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். “மாசில டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருந்தேன். அன்னிக்குக் காலைல நீ போட்டுக் காட்டினதக் கேட்டுட்டு, நல்லாத்தான இருக்குன்னு போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்.”

இது அவனுக்குத் தெரியாது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். எழுந்து கதவைத் திறந்து பதிவறைக்குள் போய், “அக்கா, என்ன மன்னி…” என்று ஆரம்பித்தான்.

அக்கா கையைத் தூக்கி நிறுத்தினாள். “அதச் சொல்லாத. நீ சொன்னா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்குப் பரவாயில்லன்னு இல்ல.”

“திட்டுங்கக்கா. எது வேணா சொல்லுங்க. அதுக்குத்தான் இப்பவே…”

“ஓகோ. திட்டறதுக்குக் கொரல் இருக்கும்போதே சொல்லிட்டா கணக்குத் தீர்ந்துடும்னு பாத்தியா?” குரல் மேலே ஏற முடியாமல் அடியில் உராய்ந்தது. “மிச்சம் இருக்கறது கொஞ்சூண்டு. அத உனக்காகச் செலவழிக்க மாட்டேன்.”

புத்தகத்தில் அட்டையைச் செருகி மூடினாள். பையை எடுத்துக்கொண்டாள். கதவு வரை போனவள், திரும்பாமலே கேட்டாள்: “நான் வாசிச்சது இருக்கா? நெசமா வாசிச்சது?”

இருந்தது. வெட்டினவை எல்லாம் ‘கழிவு’ என்று இன்னொரு ஃபோல்டரில் அப்படியே கிடந்தன. முனை உடைந்த பேனாவைக்கூடத் தூக்கிப் போடத் தெரியாதவன் அவன்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வர்றேன். எடுத்து வை” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வரமாட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். சனிக்கிழமை எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா பதிவறைக்குப் போகவில்லை. அவன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “ஒவ்வொண்ணா எடு. நீ ஒட்டினத எடுத்துட்டு, என்னுத வை” என்றாள்.

நாற்பத்தொன்று. முதலாவதில் காதில் முடி பட்டதுபோல ஒரு சின்ன உறுத்தல், அவ்வளவுதான். கத்திரி சீட்டாட்டக்காரனின் அலாஸை அகற்றி அதை வைத்தான். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான். வரிசையாகக் கேட்டால் தெரியாத விஷயம் இல்லை அது. ஐந்தாவதில் கீறல் சொல்லின் நடுவுக்கு வந்திருந்தது. ஒன்பதாவதில் சொல் முடிகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிரிந்தது. அக்கா விரலைத் தூக்கினாள், அவன் நிறுத்தினான்.

“இங்கயே தெரியுதே.”

“ஆமாக்கா.”

“உனக்கு அன்னிக்கே தெரிஞ்சுதா?”

“சளின்னு நெனச்சேன்.”

அவள் விரலை இறக்கினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எட்டு மாதம் ஒவ்வொரு வினாடியாக அவர்கள் காதில் போனது. மாசி மாதத்தில் வாசித்தது வந்தபோது இரண்டு பேருமே அசையவில்லை. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, அலாஸ்களின் கதையே தனி, அவற்றில் ஒன்றுகூட அவளைப் பற்றியது இல்லை. யாரோ ஒரு சீமாட்டியின் மோதிரம் குளத்தில் விழுந்தது, யாரோ ஒருவனின் மழைக்காலம் நீண்டுபோனது. இத்தனை நாள் தெளிவான குரலில் பிறர் வருத்தத்தைச் சொன்ன இடங்களில் இப்போது அந்தக் குரலே இற்றுப்போவது கேட்டது. இருபத்தெட்டாவதில் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கத்திரி கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டான், திரை மங்கலாகத்தான் தெரிந்தது.

“முப்பதாவதுலயும் சளின்னுதான் நெனச்சியா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. அப்ப பயமா இருந்துது. ஒட்டிட்டுக் கேட்டா நீங்க நல்லா இருக்கற மாதிரி இருந்துது. அதனால ஒட்டினேன்.”

அக்கா போட்ட நாற்காலியை நகர்த்தவில்லை. அடுத்ததை எடு என்று விரலால் காட்டினாள்.

நாற்பத்தொன்றாவது முடிந்தபோது பத்தேமுக்கால். வாக்கியங்களில் வழித்துத் தேய்த்ததையும் பழையபடி ஆக்கிவிடுவதாக அவன் சொன்னான், அவள் தலையாட்டினாள். கேட்கிறவர்கள் யாராவது போன் செய்து, வாசிக்கிற அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவன் கேட்டான். “என்ன ஆச்சோ அதச் சொல்லு” என்றாள். பிறகு எழுந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், கம்பளிகளுக்கு நடுவில் தன் இடத்தில் உட்கார்ந்து, அட்டை செருகிய பக்கத்தைப் பிரித்தாள்.

கடைசிப் பக்கம். கத்திரி சிவப்பு விளக்கைப் போட்டான்.

கிழவன் தெரு முனையில் திரும்புகிறான். அக்கா மெதுவாக, ஒவ்வொரு வாக்கியமாக இறங்கி வந்தாள், படி சரியில்லாத வீட்டில் இறங்குவதுபோல. கரகரப்பு இப்போது குரலுக்கு உள்ளே இல்லை, குரல்தான் கரகரப்புக்குள் எங்கோ இருந்தது. கிழவன் தன் வீட்டைப் பார்க்கிறான். சுவர் இருக்கிறது, சன்னல் இருக்கிறது. வாசல் கேட்டுக்கு மட்டும் யாரோ பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அவன் மனைவி வருடா வருடம் தன் கையால் நீலம் அடிக்கிற கேட் அது. அந்த ஒன்றுக்கு ஒரு அலாஸ், அத்துடன் புத்தகம் தீர்ந்தது.

அந்த வரிக்கு வந்ததும் அக்கா நிறுத்தினாள். கண்ணாடி வழியாக ஒருமுறை அவனைப் பார்த்தாள். அவன் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அவள் மூச்சை வெளியே விட ஆரம்பித்தாள். தோள்கள் இறங்கின, இன்னும் இறங்கின. கீழே தையல் கடையில் பதினொரு மணிக்கு முன்பே யாரோ ஒரு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். தரை அதிர்ந்தது. திரையில் படுத்துக் கிடந்த கோட்டில் அந்த அதிர்வு சன்னமாக, வரிசையாகப் பதிந்துகொண்டு வந்தது. அவள் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை. காற்றெல்லாம் போய் அவள் தோள்கள் அடங்கி நின்றன, உதடுகள் மெல்லப் பிரிந்தன.